உட்வர்டு சாலையில் அப்பாவின் கார்

வெளியூர் போய் வந்தவரிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், கோயிலைச் சொல்வார், கோட்டையைச் சொல்வார், அருவியைச் சொல்வார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் வந்த ஒருவர், "ஒரு சாலையைப் பார்த்தேன்" என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக் கூடாது. அந்த ஊரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியதே ஒரு சாலைதான். உட்வர்டு அவென்யூ என்று அதற்குப் பெயர்.

டெட்ராய்ட் நதியின் கரையில் புறப்பட்டு, வடமேற்காகப் போண்டியாக் என்ற ஊர் வரைக்கும் 27 மைல் தூரம் அந்தச் சாலை போகிறது. நதிக்கு அக்கரையில் தெரிவது கானடா தேசம். கானடா என்றால் அமெரிக்காவுக்கு வடக்கே இருப்பது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? டெட்ராய்ட்டில் மட்டும் அது தெற்கே இருக்கிறது! நதி அப்படி வளைந்து ஓடுகிறது.

1805-ஆம் வருஷத்தில் இந்த ஊர் தீப்பிடித்து எரிந்து சாம்பலாகிவிட்டது. மறுபடியும் ஊரை அமைக்கத் திட்டம் போட்டவர் அகஸ்டஸ் உட்வர்டு என்ற நீதிபதி. அவருடைய பெயர்தான் சாலைக்கு நிலைத்தது. ஆனால் சாலைக்கு உலகப் புகழ் கொடுத்தது நீதிபதி அல்ல, மோட்டார் கார்!

சாலை சொல்லும் கதை

என் சித்தி பெண் ராயல் ஓக் என்ற ஊரில் குடித்தனம் செய்கிறாள். அவள் கணவருக்கு ஒரு கார்க் கம்பெனியில் என்ஜினீயர் உத்தியோகம். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நதிக்கரையிலிருந்து அவள் வீட்டுக்குப் போவதற்கு உட்வர்டு சாலை வழியாகவே அழைத்துப் போனாள்.

"விரைவுச் சாலையில் போனால் சீக்கிரம் போகலாம், அக்கா. ஆனால் இதில் போனால்தான் ஊர் தெரியும்" என்றாள்.

உண்மைதான். முதலில் கலைக்கூடம் வந்தது. மெக்ஸிகோ தேசத்து ஓவியர் டியகோ ரிவேரா 1932-லும் 1933-லும் அங்கே ஒரு மண்டபம் முழுவதும் 27 சுவர்ச் சித்திரங்கள் தீட்டியிருக்கிறார். தேவர்களும் அரசர்களும் இருக்க வேண்டிய இடத்தில் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளிகள் நிற்கிறார்கள். எஞ்சினைத் தூக்குகிறவர்கள், தகட்டை வளைக்கிறவர்கள், நெருப்பின் முன் வேர்த்து நிற்பவர்கள். நம் கோயில் பிராகாரத்துச் சிற்பங்களைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஹைலண்ட் பார்க். அங்கேதான் ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் வரிசையை ஏற்படுத்தினார். கார் நகர்ந்து வரும். தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று தன் பங்கு வேலையைச் செய்வார். ஒரு காரைப் பொருத்தப் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆன காலம் போய், ஒன்றரை மணியில் முடிகிற காலம் வந்தது. 1914 ஜனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் கூலி என்று அவர் அறிவித்தார். உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

இன்னும் சிறிது தூரத்தில், ஆறாவது மைல் சாலைக்கும் ஏழாவது மைல் சாலைக்கும் நடுவில், 1909-ல் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்குத் தூர தேசங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம்.

வழியில் இடிந்த வீடுகளும் வெற்று மனைகளும் கண்ணில் பட்டன. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1950-ல் டெட்ராய்ட் நகரத்தில் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆறு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் குறைவு. 1967 ஜூலையில் நடந்த கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வசதி உள்ளவர்கள் எட்டாவது மைல் சாலைக்கு அப்பால் போனார்கள். அதுதான் நகரத்தின் வடக்கு எல்லை. 2013-ல் நகரசபையே திவாலா மனு கொடுத்தது. கடன்காரர்களுக்காகக் கலைக்கூடத்துச் சித்திரங்களை விற்க வேண்டியிருக்குமோ என்று ஊரே பதறியது. நல்லவேளையாகப் பலர் சேர்ந்து பணம் போட்டு அதைத் தடுத்துவிட்டார்கள்.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற இந்தக் கேள்வி ஒரு நகரத்துக்கு மட்டும் வருவதல்ல. ஒரு வீட்டுக்கும் வரும். ராயல் ஓக்கில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன்.

பீமசேனன் கார்

என் தங்கையின் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதுக்கு மேல். காலையில் தோசைக்கு அரைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்த அம்மாள் நீல நிற அங்கி அணிந்து, கையில் ஸ்பானருடன் கார் ஷெட்டுக்குள் போவது தெரியும். சிறிது நேரத்தில் "டங், டங்" என்று சத்தம் கேட்கும்.

"அங்கே என்னடி நடக்கிறது?" என்று தங்கையைக் கேட்டேன்.

"அவங்க அப்பாவுடைய பழைய காரை உயிர்ப்பித்தாங்க, அக்கா. நாலு வருஷத்து வேலை. இப்போ தினம் அதிலேதான் போறாங்க. வண்டி பழசு இல்லையா? ஏதாவது ஒன்றை முடுக்கிக்கொண்டே இருக்கணும்" என்றாள்.

அந்தக் கார் 1967-ஆம் வருஷத்துப் போண்டியாக் ஜி.டி.ஓ. இந்த ஜாதிக் கார்களுக்கு அமெரிக்காவில் "மஸில் கார்" என்று பெயர். நாம் பீமசேனன் கார் என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தர உடம்பு, அதற்குள் ராட்சஸ எஞ்சின். விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவது. இதுதான் இலக்கணம்.

அது பிறந்த கதையே வேடிக்கையானது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக் கூடாது. போண்டியாக் பகுதியில் இருந்த ஜான் டிலோரியன் முதலான என்ஜினீயர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே மேலதிகாரிகள் அனுமதி வேண்டும்? ஏற்கெனவே உள்ள காருக்கு, "வேண்டியவர்கள் கூடுதல் பணம் கட்டிப் பெரிய எஞ்சின் வைத்துக்கொள்ளலாம்" என்று விலைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். 1964-ஆம் வருஷ மாடலில், முந்நூறு டாலருக்கும் குறைவான கூடுதல் விலையில், 389 கன அங்குல எஞ்சின் கிடைத்தது. ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். 32,450 விற்றுவிட்டது! அப்புறம் மேலதிகாரிகள் விதியைப் பற்றிப் பேசுவார்களா?

1967-ல் எஞ்சின் 400 கன அங்குலமாக வளர்ந்தது. நம் ஊர் அம்பாஸடர் எஞ்சின்கள் நான்கை ஒன்றாகக் கட்டினாலும் அதற்கு ஈடாகாது. சக்தி 335 குதிரைகள் என்று விளம்பரம் செய்தார்கள். பெட்ரோலோ ஒரு காலனுக்குப் பத்து, பன்னிரண்டு மைலுக்கு மேல் வராது. சனிக்கிழமை இரவுகளில் உட்வர்டு சாலையில் வாலிபர்கள் இந்தக் கார்களை மேலும் கீழும் ஓட்டுவார்கள். சிவப்பு விளக்கில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பச்சை விழுந்ததும் பந்தயம்!

எல்லாம் சில வருஷம்தான். இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. புகையைக் குறைக்கச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. 1974-உடன் பழைய ஜி.டி.ஓ. வரிசை நின்றுபோயிற்று. பிற்பாடு 2009-ல் போண்டியாக் பெயரையே நிறுத்திவிடுவதாக அறிவித்தார்கள். 2010-உடன் அது முடிந்தது.

உப்பு தின்ற இரும்பு

அம்மாளின் தகப்பனார் போண்டியாக் ஆலையில் கதவு பொருத்தும் வரிசையில் வேலை செய்தவர். தாம் வேலை செய்த ஆலையில் செய்த காரையே வாங்கினார். அவர் காலமான பிறகு கார் ஷெட்டில் இருபது வருஷம் தூங்கிற்று.

"கதவைத் திறந்து பாருங்கள், ஜாதகம் இருக்கிறது" என்று அந்த அம்மாள் காட்டினார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் கீல் தூணில் சிறு தகடு. அதில் எண்கள். முதல் எண் 2 என்றால் போண்டியாக் ஜாதி. அடுத்த 42 என்றால் ஜி.டி.ஓ. 17 என்றால் இரண்டு கதவு, நடுத் தூண் இல்லாத கூரை. பிறகு 7, அது 1967. கடைசியாகப் 'பி' என்ற எழுத்து. அது போண்டியாக் ஆலையில் பிறந்ததற்கு அடையாளம். அதற்குப் பிறகு வருவது வரிசை எண். ஜாதகப் பொருத்தம் சரியாக இருந்தால் இந்தக் கார்களுக்குச் சந்தையில் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

ஜாதகம் நன்றாக இருந்ததே தவிர, தேகம் நன்றாக இல்லை. டிக்கியின் அடித்தகட்டில் கை நுழையும் ஓட்டை. பின்புறக் கண்ணாடியின் கீழ் விளிம்பு அப்பளம்போல் நொறுங்கிற்று. காரணம் என்ன தெரியுமா? உப்பு! மிச்சிகன் ராஜ்யத்தில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் பனி உறைந்துவிடும். அதை உருக்குவதற்கு லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது நான் அசந்துபோனேன். டெட்ராய்ட் நகரத்துக்கு நேர் கீழே, ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. நாற்பது கோடி வருஷங்களுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு. 1910 முதல் வெட்டுகிறார்கள். நடுவில் சில வருஷம் மூடியிருந்தது. ஊரின் மேலே கார் செய்தார்கள். ஊரின் கீழே, அந்தக் காரைத் தின்னும் உப்பை வெட்டினார்கள். விதியின் விளையாட்டு என்று வேறு எதைச் சொல்வது?

ஜாம் ஜாடிகளும் தையல் ஊசியும்

பழைய காரை வீட்டில் புதுப்பிப்பது எப்படி என்று அந்த அம்மாள் எனக்கு விளக்கமாகச் சொன்னார். கேட்கக் கேட்க, இது ஆண்பிள்ளைகளுக்கே உரிய வேலை என்று யார் சொன்னார்கள் என்று தோன்றிற்று. பாதி வேலை சமையலறைப் பொறுமை. பாதி வேலை தையல்காரியின் பொறுமை.

முதல் பாடம், கழற்றுமுன் படம் எடு. இரண்டாவது பாடம், கழற்றியதற்குச் சீட்டு எழுது. போல்ட், நட்டு எல்லாம் காலி ஜாம் ஜாடிகளில் போய்விட்டன. "இடது கதவு, மேல் கீல்" என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தார். அறுநூறு சாமான்களைக் கலந்து கொட்டிவிட்டால் அப்புறம் பிரம்மா வந்தாலும் பொருத்த முடியாது.

மூன்றாவது பாடம் உயிருக்குச் சம்பந்தப்பட்டது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கியால் தூக்கியபின், உறுதியான இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும். நான்காவது, பழைய பிரேக்குகளில் படிந்த தூசியை ஊதக் கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மூச்சில் போனால் நுரையீரலுக்கு யமன். ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டுக்கு, துரு இளக்கும் எண்ணெயை இன்று ஊற்றி நாளைக்குத்தான் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். போல்ட்டின் தலையைத்தான் சொல்கிறேன். உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். உளுத்ததன்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்தால், கிழிந்த துணியில் ஒட்டுப்போட்ட கதைதான். அடுத்த மழைக்குக் குமிழி விடும். தகடு வெட்டிப் பற்றவைப்பதற்கு மாலைப் பள்ளியில் சேர்ந்து படித்தாராம். வகுப்பில் பாட்டி அவர் ஒருவர்தான்!

எஞ்சினை வீட்டில் கழற்றினாலும், துளைகளைக் கடைந்து பிஸ்டன் மாற்றும் வேலையைப் பட்டறைக்கே கொடுத்தார். அங்கே வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான எஃகு வளையம் வைத்தார்கள். அந்த நாள் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வுக்கு ஒருவிதக் கவசம். 1996 முதல் அமெரிக்கச் சாலைக் கார்களுக்கு ஈயப் பெட்ரோலே கிடையாது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் சாராயச் சத்து பழைய ரப்பர்க் குழாய்களை அரித்துவிடும் என்பதால், குழாய்களையும் மாற்றினார்.

இருக்கைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தன. பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து, புது உறையைக் கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்து, இரும்பு வளையங்களால் கோக்க வேண்டும். வெயிலில் வைத்து இளக்கினால்தான் சுருக்கம் விழாமல் வரும்.

"ஆலையில் இந்த உறைகளையெல்லாம் பெண்கள்தாம் தைத்தார்கள். கார் என்றால் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். நாம் உட்காருவது எஞ்சின்மேலா?" என்று அம்மாள் கேட்டார்.

கியரைப் பார்த்தால் அதில் இரண்டு பள்ளம். ஒன்றில் கோலைத் தள்ளிவிட்டால் கியர் தானே மாறிக்கொள்ளும். மற்றதில் தள்ளினால் நாமே மாற்றிக்கொள்ளலாம். 1967-ல் இதற்கு "அவருக்கும் அவளுக்கும்" என்று பெயர் வைத்தார்கள். தானே மாறுவது 'அவளுக்கு', கையால் மாற்றுவது 'அவருக்கு' என்று அர்த்தமாம்! அம்மாள் எந்தப் பள்ளத்தில் ஓட்டுகிறார் என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் தங்கை வழக்கு

எல்லாம் கூடி வந்தபோதுதான் வழக்கு முளைத்தது. அம்மாளின் தமையனார் வேறு ராஜ்யத்தில் இருக்கிறார். "அப்பா விட்டுப்போனது அப்படியே இருக்கட்டும். ஒரு திருகைக்கூட மாற்றாதே. பொருட்காட்சியில் வைக்கலாம், வேண்டாமென்றால் நல்ல விலைக்கு விற்கலாம்" என்பது அவர் கட்சி.

அம்மாளின் கட்சி வேறு. அவர் தினம் காலையில் எட்டு வயதுப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு இந்தக் கார்தான் என்று தீர்மானம் செய்துவிட்டார்.

பிரேக்கில் பெரிய சண்டை இல்லை. நான்கு சக்கரத்திலும் இருந்த டிரம் பிரேக்கில் முன் இரண்டையும் எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைத்தார். அந்த வருஷத்திலேயே கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது. தவிர, கழற்றியதைப் பெட்டியில் போட்டு வைத்தால், நாளைக்கே திருப்பி மாட்டிவிடலாம். நெரிசலில் கொதிக்காமல் இருக்கப் பெரிய ரேடியேட்டர், பிடிப்புள்ள புது மாதிரி டயர், எல்லாமே அப்படித்தான்.

பெல்ட் விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது. 1967-ஆம் வருஷத்துக் காரில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருக்கும். எட்டு வயதுக் குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் ஆசனத்துக்கு, தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும். இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டு, திடீரென்று பிரேக் போட்டால், குழந்தையின் உடம்பு முன்னால் மடங்கி வயிற்றிலும் முதுகெலும்பிலும் அடிபடும். இந்தக் காரிலோ நடுத் தூண் கிடையாது. பெல்ட்டின் மேல் முனையைப் பிடிக்கக் கூரைப் பக்கத்து இரும்பில் துளையிட்டு, உள்ளே கனத்த தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். போட்ட துளையைப் பெட்டியில் எடுத்து வைக்க முடியுமா?

"அப்பாவின் காரில் துளை போடப் போகிறாயா?" என்று டெலிபோனில் அண்ணன் கேட்டாராம். அதற்கு மேல் பேச்சில்லை. இரண்டு மாதம் வேலையும் நின்றுவிட்டது.

ஒரு நாள் முன்புறச் சிறு அலமாரியைத் துடைக்கும்போது, தகப்பனாரின் குறிப்புப் புத்தகம் கிடைத்தது. எண்ணெய் மாற்றிய தேதி, டயர் வாங்கிய தேதி எல்லாம் அவர் கைப்பட எழுதியிருந்தார். 1971-ஆம் வருஷத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மனைவி கார் ஓட்டப் பழகினாளென்றும், வலப்பக்கம் பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை என்று பயந்தாளென்றும், வலது கதவில் துளை போட்டு ஒரு கண்ணாடி பொருத்தியதாகவும் எழுதியிருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடி காருடன் பிறந்தது என்றே பிள்ளைகள் இருவரும் நினைத்திருந்தார்கள்.

கதவு பொருத்துவதையே தொழிலாகக் கொண்டவர், புதுக் கருக்கு மாறாத தம் சொந்தக் காரின் கதவில் துளை போட்டிருக்கிறார். உட்காருகிறவளின் பயம் தீர வேண்டும் என்பதற்காக.

அம்மாள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. "நல்ல பட்டறையில் கொடுத்துச் செய். கூலியில் பாதி என்னுடையது."

அப்படியே செய்தார்கள். பெல்ட் வேலையை மட்டும் வீட்டில் செய்யாமல், அனுபவமுள்ள பட்டறையில்தான் செய்தார்கள். உயிரைப் பிடித்திருக்கும் இரும்பில் கற்றுக்குட்டி கை வைக்கக் கூடாது என்பது அம்மாளின் கொள்கை.

இரண்டு விதத் தகடு

மிச்சிகனில் பழைய கார்களுக்கு இரண்டு விதமான எண் தகடு உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சரித்திரத் தகடு கொடுப்பார்கள். செலவு குறைவு. ஆனால் ஊர்வலம், பொருட்காட்சி, சங்கக் கூட்டம் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். கறிகாய் வாங்கப் போகக் கூடாது. ஆகஸ்ட் மாதம் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. ஏனென்றால் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு சாலையில் பழைய கார்களின் திருவிழா! ஃபெர்ண்டேல் என்ற ஊரில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டுவதற்காக 1995-ல் ஆரம்பித்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கான கார்களும் லட்சக்கணக்கான ஜனங்களும் கூடுகிறார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாதான். தேருக்கு வடம் கிடையாது, அவ்வளவே.

அம்மாள் சரித்திரத் தகடு வாங்கவில்லை. எல்லாக் கார்களுக்கும் உள்ள சாதாரணத் தகடுதான் வாங்கினார். "சரித்திரமாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்கும் சரி, காருக்கும் சரி" என்றார்.

தினமும் என்றால் வருஷம் முழுவதும் அல்ல. சாலையில் உப்பு விழுந்ததும் கார் ஷெட்டுக்குப் போய்விடும். வசந்தத்தில் நல்ல மழை பெய்து உப்பெல்லாம் கழுவிப் போனபிறகுதான் வெளியே வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பேத்திக்கு அம்மாளின் சாதாரணக் கார்தான்.

போண்டியாக் வரை ஒரு சவாரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் தங்கையையும் அதில் ஏற்றிக்கொண்டு போண்டியாக் வரை போனார். சாவியைத் திருகியதும், தூரத்தில் இடி உருளுவதுபோல ஒரு சத்தம். வாசனை வேறு! புதுக் கார்களில் பெட்ரோல் வாசனையே தெரிவதில்லை; இதில் பெட்ரோலும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை. நெஞ்சை அழுத்துகிற வேகத்தை எதிர்பார்த்தேன். அம்மாள் அடக்கமாகவே ஓட்டினார். பந்தயத்துக்குப் பிறந்த 335 குதிரைகளும், பள்ளிக்கூட வண்டிக் குதிரைகளைப்போல ஒழுங்காக நடந்தன.

வழியில் பெர்க்லி என்ற ஊரில் வின்ஸெட்டா கராஜ் என்ற கட்டடத்தைக் காட்டினார். 1919 முதல் கார் பழுது பார்த்த பட்டறை. 2012 முதல் சாப்பாட்டு விடுதி. சிவப்பு விளக்கில் நின்ற ஒரு கிழவர் பக்கத்துக் காரிலிருந்து தலையை நீட்டி, "நான் அந்த ஆலையில் இருபத்தாறு வருஷம்!" என்று கூவினார். பச்சை விழுந்ததும் கையை ஆட்டிவிட்டுப் போனார். இப்படித் தினம் யாராவது பேசுவார்களாம். பொருட்காட்சியில் கயிறு கட்டி நிறுத்தி வைத்தால், இவர்கள் எங்கே தேடிக்கொண்டு வருவார்கள்?

போண்டியாக் என்ற பெயர் 1763-ல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்ட செவ்விந்தியத் தலைவருடையது. அவர் பெயர் ஊருக்கு வந்தது. ஊரின் பெயர் 1926-ல் காருக்கு வந்தது. இப்போது அந்தக் கார் செய்கிறவர் யாரும் இல்லை. இந்தக் காரைச் செய்த ஆலையும் இல்லை. ஆலை இருந்த பக்கத்தில் அம்மாள் காரை ஓரமாக நிறுத்தினார். கம்பி வேலிக்கு அப்பால் புல் முளைத்த வெளி. அவர் இறங்கவும் இல்லை. கண் கலங்கவும் இல்லை. எஞ்சினை அணைக்காமலே ஒரு நிமிஷம் இருந்தார்.

"அப்பா இங்கே வரும்போதெல்லாம் எஞ்சினை அணைக்கமாட்டார். சத்தம் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்" என்றார்.

அவரும் கேட்டார். சத்தம் சரியாக இருந்தது போலிருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குப் பேத்திக்குப் பள்ளிக்கூடம். கோலை 'அவருக்கு' என்ற பள்ளத்தில் தள்ளி, காரைத் திருப்பினார்.